சுவர்க்கோழியின் வயிற்றில் என்ன இருக்கிறது?

எலியை முழுசாக விழுங்கும் பாம்புக்குக் கால்சியம் பற்றிய கவலை பெரிதாக இல்லை, எலும்பும் சேர்ந்தே உள்ளே போய்விடுகிறது. வீட்டில் வளர்க்கிற லெபர்ட் கெக்கோ மாதிரி பூச்சியை மட்டுமே தின்னும் பல்லிகளின் நிலைமை வேறு. பூச்சிக்கு எலும்பே கிடையாது, மேலோடும் கால்சியத்தால் அல்ல, கைட்டின் என்ற பொருளால் ஆனது. பல்லிக்கு வேண்டியது 1 பங்கு பாஸ்பரஸுக்கு 1.5 முதல் 2 பங்கு கால்சியம். அதற்குத் தீனியாகப் போடும் சுவர்க்கோழியிலோ (கிரிக்கெட் பூச்சி) கால்சியத்தைப் போல பல மடங்கு பாஸ்பரஸ்.

இதையே மாதக்கணக்கில் தின்றால் என்ன ஆகும்? தசையும் இதயமும் இயங்க ரத்தத்தில் கால்சியம் குறையவே கூடாது, அதனால் பாராதைராய்டு ஹார்மோன் சுரந்து எலும்பிலிருந்து அதை உருவ ஆரம்பிக்கிறது. தாடை ரப்பர் மாதிரி ஆகும், கால் வளையும், உடம்பு நடுங்கும். வளைந்த எலும்பு பெரும்பாலும் பழையபடி நிமிராது. வயிறு நிறையத் தின்ற பல்லிக்கே இப்படி ஆகிறது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அதனால் முதலில் பூச்சிக்குத்தான் விருந்து வைக்க வேண்டும். வளர்ப்பவர்கள் இதை 'கட் லோடிங்' (குடலை நிரப்புதல்) என்பார்கள். பல்லிக்குக் கொடுப்பதற்கு முன் 24 முதல் 48 மணி நேரம், கால்சியம் தூக்கலான தீவனத்தோடு கேரட், கீரை என்று கொடுக்க வேண்டும் (பசலைக்கீரை வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்). இந்தச் சத்து பூச்சியின் உடம்பில் சேர்வதில்லை, குடலில் உணவாகவே நிற்கிறது, அவ்வளவுதான். கழிந்துவிட்டால் போச்சு. அதனால் குடல் நிறைந்திருக்கும்போதே கொடுத்துவிடுங்கள். இந்தத் தீவனத்தையே எப்போதும் போட்டு வளர்க்கவும் முடியாது, அவ்வளவு கால்சியத்தைச் சுவர்க்கோழியே தாங்காது.

அப்புறம் பொடி. பூச்சிகளை ஒரு டப்பாவில் போட்டுக் கால்சியம் பொடி தூவிக் குலுக்கி உடனே கொடுக்க வேண்டும், ஏனென்றால் சுவர்க்கோழி தன் உடம்பைத் தானே சுத்தம் செய்துகொள்ளும், கொஞ்ச நேரத்தில் பொடி உதிர்ந்துவிடும். கால்சியம் குடலிலிருந்து ரத்தத்துக்கு ஏற வைட்டமின் டி3 வேண்டும். பல்லியின் உடம்பே டி3 தயாரிக்க உதவும் யூவிபி (புற ஊதாக் கதிர்) விளக்கு இல்லாவிட்டால் அதுவும் பொடியில் இருக்கட்டும், ஆனால் அளவு மீறினால் அதுவே நஞ்சு. பிளாக் சோல்ஜர் ஈயின் புழு மட்டும் விதிவிலக்கு, அதன் தோலிலேயே கால்சியம் கார்பனேட் படிந்திருக்கிறது.

பூச்சியின் அளவு பல்லியின் இரு கண்களுக்கு இடையிலுள்ள தூரத்தைத் தாண்டக் கூடாது. வெளியில் பிடித்த பூச்சியில் பூச்சிமருந்து இருக்கலாம், மின்மினியோ பல்லியைக் கொன்றேவிடும். தின்னாமல் விட்ட சுவர்க்கோழிகளையும் எடுத்துவிடுங்கள், பசித்தால் அவை தூங்குகிற பல்லியைக் கடிக்கும்.