பாம்பு கடித்தால் நேரே எங்களிடம் வராதீர்கள்

பிசான நெல் அறுவடை தொடங்கினால் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் பாம்புக்கடி வருவது கூடிவிடும். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பை, முக்கூடல் என ஆற்றுப் பாசன ஊர்களிலிருந்து காரைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவார்கள். "பெரிய ஆஸ்பத்திரின்னு நேரா இங்கயே கொண்டாந்துட்டோம் சார்" என்பார்கள். திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கும் மருத்துவனாகவே சொல்கிறேன்: முதல் ஊசிக்கு எங்களைத் தேடி வராதீர்கள். பக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

விஷமுறிவு மருந்து எங்கே போட்டாலும் ஒன்றுதான். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நான்குக்கும் சேர்த்துத் தயாராவது. அரசு மருத்துவமனையில் அது இலவசம். உடம்பில் சுற்றிக்கொண்டிருக்கும் விஷத்தைத்தான் அந்த மருந்து முறிக்கும். நரம்பையும் சிறுநீரகத்தையும் விஷம் ஏற்கெனவே கெடுத்திருந்தால் அதைத் திருப்பித் தராது. அம்பையிலிருந்து இங்கே வர ஆகும் ஒரு மணி நேரத்தில் விஷம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

அப்புறம் நகரத்து மருத்துவமனை எதற்கு? முதல் ஊசிக்குப் பிறகும் நிலைமை மோசமானால் அதற்கு. கண்ணாடி விரியன் கடித்துச் சிறுநீர் குறைந்துபோனவருக்கு டயாலிசிஸ் தேவைப்படலாம். கட்டுவிரியன் கடித்தவருக்கு வென்டிலேட்டர் தேவைப்படலாம். இரண்டும் திருநெல்வேலி ஹைகிரவுண்டில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கட்டுவிரியனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரை ராத்திரியில் கடிக்கும். வலி பெரிதாக இருக்காது, கடிவாய் தெரியாமலும் போகும். விடியும்போது வயிற்று வலி, வாந்தி. வீட்டில் வாயுக்கோளாறு என்று நினைத்துச் சோடா வாங்கிக் கொடுப்பார்கள். கொஞ்ச நேரத்தில் இமை கீழே இறங்கும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது. தரையில் தூங்கி எழுந்தவருக்கு இப்படி இருந்தால், பாம்பைப் பார்க்காவிட்டாலும் உடனே கிளம்புங்கள். வென்டிலேட்டரில் சில நாட்கள் கிடப்பவர் கண் திறக்க மாட்டார், கை அசைக்க மாட்டார். ஆனால் காது கேட்கும், நினைவும் இருக்கும். அதனால் படுக்கை அருகே நின்று அழாதீர்கள், பெயர் சொல்லிப் பேசுங்கள் என்று வீட்டாரிடம் கேட்டுக்கொள்வேன். பெரும்பாலும் எழுந்து நடந்தே வீட்டுக்குப் போகிறார்கள்.

கயிறு கட்டுவது, கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மந்திரித்துப் பார்வை பார்க்கிறவரிடம் போய் நேரத்தைத் தொலைக்க வேண்டாம். மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் வீக்கம் ஏறுமுன் கழற்றுங்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், நடக்க விடாமல் 108-இல் ஏற்றுங்கள். யாராவது இறுக்கிக் கட்டிவிட்டிருந்தால் வழியில் நீங்களாக அவிழ்க்காதீர்கள். மருத்துவமனையில் மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு அவிழ்ப்பார்கள்.

போனதும் கொஞ்சம் ரத்தம் எடுத்துப் புதிய கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் ஆட்டாமல் வைத்திருப்பார்கள். சாய்த்துப் பார்க்கும்போது உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். சும்மா உட்கார வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து நோயாளியைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்.

2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். எந்த ஊரில், எந்த மாதம் கடி அதிகம் என்று தெரிந்தால்தான் அந்த ஊர் சுகாதார நிலையத்தில் மருந்தைப் போதுமான அளவு இருப்பு வைக்க முடியும். இதைக் காகித வேலை என்று தள்ளிப்போடும் சக மருத்துவர்கள் தயவுசெய்து இனி அப்படிச் செய்ய வேண்டாம்.

அரசு மருத்துவமனையிலிருந்து எங்களிடம் அனுப்பினால் பரிந்துரைச் சீட்டை மறக்காமல் வாங்கி வாருங்கள். எத்தனை மணிக்குக் கடித்தது, எத்தனை குப்பி மருந்து போட்டது, கடைசியாக எப்போது சிறுநீர் போனது. இந்த மூன்றும் அதில் இருந்தால் வாசலிலேயே வேலையைத் தொடங்கிவிடுவோம்.