சிஎஃப்டி: திரவம் போதாது, பாய்மம் வேண்டும்

நாகர்கோவில் பக்கம் மெக்கானிக்கல், சிவில் படிக்கிற பிள்ளைகளிடம் புராஜெக்ட் என்ன என்று கேட்டால் ஒருசிலராவது “சிஎஃப்டி” என்பார்கள். விரித்தால் கம்ப்யூட்டேஷனல் ஃப்ளூயிட் டைனமிக்ஸ், அதாவது தண்ணீரும் காற்றும் எப்படி ஓடும் என்று கணினியில் கணக்குப் போட்டுப் பார்க்கிற துறை. இதைக் “கணினி திரவ இயக்கவியல்” என்று தமிழாக்கினால் மூன்று சொல்லில் இரண்டு சரியில்லை, அதிலும் நடுச்சொல் ரொம்பவே தப்பு.

ஃப்ளூயிட் என்பது ஓடுதல், பாய்தல் என்று பொருள்படும் ஃப்ளூவெரே என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. தண்ணீர் பாயும், காற்றும் பாயும், அதனால் இரண்டுமே ஃப்ளூயிட்தான்; திரவம் என்று எழுதினால் காற்று வெளியே போய்விடும். நம்மிடம் பாய்மம் இருக்கிறதே. பாய் என்ற வினை, திண்மம், நீர்மம் போன்ற அதே வார்ப்பு. (பாய்மரத்துக்கும் இதற்கும் உறவில்லை, அது விரிக்கிற பாய்.)

கடலலையைக் கணக்கில் ஏற்றும்போதுதான் இந்த வித்தியாசம் உறைக்கும், ஏனென்றால் அங்கே கண்டுபிடிக்க வேண்டியதே தண்ணீரும் காற்றும் தொட்டுக்கொள்கிற எல்லை அந்தந்த நொடியில் எங்கே இருக்கிறது என்பதைத்தான். ஓட்டத்துக்கான சமன்பாடு பழையது, நேவியர் 1822இலும் ஸ்டோக்ஸ் 1845இலும் தந்தது. எல்லையைப் பிடிக்க 1981இல் ஹர்ட், நிக்கோல்ஸ் இருவரும் ஒரு வழி வெளியிட்டார்கள்: கடலையும் மேலே உள்ள காற்றையும் சேர்த்துச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டு, ஒவ்வொன்றிலும் தண்ணீரின் பங்கு எவ்வளவு என்று குறி, முழுக்கத் தண்ணீர் என்றால் 1, முழுக்கக் காற்று என்றால் 0, ஒரு கட்டத்தில் 0.4 வந்தால் மேற்பரப்பு அதற்குள்ளேதான் ஓடுகிறது. இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்ஃபோம் என்ற சிஎஃப்டி மென்பொருளில் உள்ள இன்டர்ஃபோம் நிரலும் இதே வழியில்தான் போகிறது.

அப்புறம் கம்ப்யூட்டேஷனல். கம்ப்யூட்டாரே என்றால் கணக்கிடுதல், பெட்டி பிறகு வந்தது. 1922இல் ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி வானிலையைக் கணக்கிட 64,000 கம்ப்யூட்டர்கள் வேண்டும் என்று எழுதியபோது அவர் சொன்னது ஆட்களை. ஆகவே கணக்கீட்டுப் பாய்ம இயக்கவியல் என்பதே என் தேர்வு. ‘கணிப்பு’ வேண்டாம், கருத்துக்கணிப்பு வாடை வருகிறது. டைனமிக்ஸுக்கு இயக்கவியல் நிலைத்துவிட்டது, விட்டுவிடலாம்.

சரி, உள்ளூரில் காற்றே இல்லாதபோதும் திடீரென்று கடல் பொங்குகிற கள்ளக்கடலுக்கு எச்சரிக்கை வருகிறதே, அதுவும் சிஎஃப்டியா? இல்லை. ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்ற கடல்சார் தகவல் மையம் பயன்படுத்துகிற அலை மாதிரிகள் ஒவ்வோர் அலையாகப் பார்ப்பதில்லை. எந்தத் திசையில், எத்தனை நொடி இடைவெளியில், எவ்வளவு அலை ஆற்றல் போகிறது என்று மட்டும் கணக்கு வைக்கும். தெற்கு இந்தியப் பெருங்கடலில் கிளம்பி நம் கரைக்கு வருகிற 15 நொடி அலைக்கு ஆழ்கடலில் நீளம் ஏறக்குறைய 350 மீட்டர், அது கடந்து வருவதோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர், அவ்வளவு கடலையும் கட்டம் கட்டமாக வெட்டிக் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அலை கரையை அடித்துவிட்டுப் போயிருக்கும். சிஎஃப்டிக்கு வேலை கரையோரத்தில்: கடலரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவின் கல்லில் மோதுகிற தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறும், தேங்காப்பட்டணம் மாதிரித் துறைமுகத்தின் முகத்துவாரத்தில் அலை எங்கே மடங்கி விழும் என்கிற கேள்விகள்.

அங்கேயும் அலையின் உயரத்துக்குள் பத்து இருபது கட்டமாவது வேண்டும். பெரிய கட்டமாக வைத்தால் கரை சேருமுன்பே அலை கணக்கிலேயே தேய்ந்துபோகும்; அதைப் பார்த்துவிட்டுக் கடல் தணிந்தது என்று ரிப்போர்ட்டில் எழுதிவிடாதீர்கள்.