மூக்கில் விடும் நெய்

கும்பகோணத்தில் குழந்தைகள் மருத்துவராக இருக்கிறேன். போன குறுவை நடவு சமயத்தில் திருவையாறு பக்கத்திலிருந்து 3 மாதக் குழந்தையைத் தூக்கி வந்தார்கள். இரண்டு வாரமாக இருமல். வேறோர் இடத்தில் கொடுத்த ஆன்டிபயாட்டிக் முடிந்தும் குறையவில்லை. எக்ஸ்ரேயில் வலது நுரையீரல் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. குளிப்பாட்டும்போது மூக்கில் ஏதாவது விடுவீர்களா என்று கேட்டேன். தாய் போனை எடுத்து ஒரு ரீல்ஸ் வீடியோவைக் காட்டினார். பித்தளை அண்டா, வாழையிலை, நாதஸ்வரம், 'நம் பாரம்பரியக் குளியல்' என்ற தலைப்பு. கடைசியில் குழந்தையின் மூக்கில் சொட்டுச் சொட்டாக நெய்.

கூட வந்த மாமியார் சொன்னார்: "நான் வேணாம்னுதான் சொன்னேன் டாக்டர். எங்க மாமியார் காலத்துல ஆயா வந்து மூக்குல எண்ணெய் ஊதுவாங்க. ஒரு புள்ளைக்கு மூச்சு முட்டிப் போச்சு. அதோட எங்க வீட்ல விட்டுட்டோம்."

அதைக் கைவிட்டதும் அந்த வீட்டு வழக்கம்தானே? ரீல்ஸில் அது வருவதே இல்லை. இந்த மாதிரி வீடியோக்களில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது இதுதான்.

தண்ணீர் புரையேறினால் குழந்தை இருமித் தள்ளிவிடும். எண்ணெயும் நெய்யும் தொண்டையை உறுத்தாது. இருமலே வராமல் உள்ளே இறங்கிவிடும். நுரையீரலால் அதை எளிதில் வெளியேற்ற முடியாது, அங்கேயே தங்கிப் புண்ணாக்கும். லிப்பாய்டு நிமோனியா என்போம். கிருமியால் வருவதல்ல என்பதால் ஆன்டிபயாட்டிக் அதைக் கரைக்காது. இந்தக் குழந்தை தேறப் பல வாரம் ஆயிற்று. மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்தே போதும். உடம்பில் எண்ணெய் தேய்ப்பதை நான் தடுப்பதில்லை, குழந்தைகளுக்கு அது பிடித்தும் இருக்கிறது.

பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தொட்டுச் சேனை வைப்பதும் இப்போது அழகான வீடியோவாகச் சுற்றுகிறது. தேனில் பொட்டுலினம் கிருமியின் வித்துகள் இருக்கலாம். பச்சிளங்குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சாகும். மலச்சிக்கல் வரும், அழுகை மெலியும், பால் உறிஞ்சத் தெம்பிருக்காது. வீட்டில் காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாகாது. 1 வயது வரை தேன் வேண்டாம். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூடத் தேவையில்லை.

ஏற்கெனவே மூக்கில் எண்ணெய் விட்டிருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணிப் பாருங்கள். 2 மாதத்துக்குள் என்றால் 60, அதற்குமேல் 1 வயது வரை 50. அந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, நடு இரவாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள். விட்டது எண்ணெயா நெய்யா என்பதைத் தயங்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.