அஸ்வகந்தா என்றால் அமுக்கராதான்

சென்னை பூங்கா நகர் ராசப்ப செட்டித் தெருவில் ஒரு நாட்டு மருந்துக் கடை. எனக்கு முன்னால் நின்ற பையன் கைப்பேசியை நீட்டி, "அண்ணே, இந்த அஸ்வகந்தா இருக்கா?" என்றான். கடைக்காரர் திரையைப் பார்க்கவே இல்லை. "அமுக்கராதானே தம்பி? கிழங்கா, பொடியா?" பையன் விழித்தான். தான் கேட்டது வேறு, இவர் தருவது வேறு என்று நினைத்துவிட்டான் போல.

அஸ்வகந்தா வடசொல். அசுவம் குதிரை, கந்தம் மணம். பச்சை வேரை முகர்ந்தால் குதிரை வாடை அடிக்கும் என்பதால் வந்த பெயர். காய்ந்த வேரில் அது அவ்வளவாகத் தெரிவதில்லை. அன்று வாங்கிய துண்டை மூக்கருகே வைத்துப் பார்த்தேன். மெரினாவில் சவாரிக்கு நிற்கும் குதிரையின் ஞாபகமெல்லாம் வரவில்லை, மண் வாசனைதான் வந்தது. வெளியே பழுப்புக் குச்சி, ஒடித்தால் உள்ளே மாவு போல வெள்ளை. 'குதிரை பலம் தரும்' என்று விளம்பரத்தில் சொல்கிறார்களே, அந்த பலம் சொல்லுக்குள் இல்லை. மணம் மட்டும்தான் இருக்கிறது.

செடி கத்தரிக் குடும்பம். சொடக்குத் தக்காளி மாதிரி மெல்லிய உறைக்குள் சிறு பழம் சிவக்கும். தாவரவியல் பெயர் விதானியா சோம்னிஃபெரா. பின்பாதிக்கு லத்தீனில் 'தூக்கம் தருவது' என்று பொருள். நம் ஊர்க்காரர் மூக்கை நம்பினார், லத்தீன் பெயர் வைத்தவர்கள் பயனைப் பார்த்தார்கள்.

சரி, தமிழில்? 'குதிரைமணம்' என்றெல்லாம் புதிதாக ஆக்க வேண்டியதில்லை. அமுக்கிரா என்ற பெயர் அகராதியிலேயே இருக்கிறது. பேச்சிலும் மருந்துப் பெயரிலும் அது அமுக்கரா. மலையாளத்தில் அமுக்குரம் என்கிறார்கள். ஆக, தெற்கே வெகுநாளாகப் புழங்கும் சொல். 'அமுக்கு' என்ற வினையோடு முடிச்சுப் போட்டு வேர்ச்சொல் கதை சொல்ல ஆசை வரும்; செய்ய மாட்டேன். வடசொல்லையும் நம்மவர்கள் ஒதுக்கவில்லை, அசுவகந்தி என்று தமிழ் ஓசைக்கு இழுத்துக்கொண்டார்கள். எழுத்தில் எனக்குப் பிடித்தது அமுக்கரா. கடையில் கேட்டால் கிடைக்கிற சொல் என்பதால்.

ஆயுர்வேதத்தில் இது ரசாயனம், அதாவது உடம்பைத் தேற்றும் வகை. இளைத்தவர்களுக்கும், நோயில் கிடந்து எழுந்தவர்களுக்கும், தூக்கம் வராதவர்களுக்கும் வேர்ப்பொடியைப் பாலில் கொடுப்பார்கள். வாதத்தைத் தணிக்கும் என்பார்கள். அரிஷ்டமாகவும் (புளிக்க வைத்த மருந்து நீர்) லேகியமாகவும் கிடைக்கிறது. சித்த மருத்துவத்தில் அமுக்கரா சூரணம். அதன் அளவு எனக்கு ரொம்பப் பிடிக்கும்: கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. சதுரங்கக் கட்டத்தில் நெல்லை இரட்டித்துக்கொண்டே போன கணக்கேதான். கூட்டிப் பார்த்தால் பாதிக்குச் சற்று மேல் சர்க்கரை; நீரிழிவுக்காரர்கள் கவனிக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

அப்புறம், அந்தக் 'கிழங்கு'. அமுக்கராங்கிழங்கு என்று சொன்னாலும் அது உருளைக்கிழங்கு மாதிரிக் கிழங்கு இல்லை, வேர்தான். தாவரவியல்படி தவறு. ஆனால் அந்தத் தவறான ஒட்டு ஒரு நல்ல காரியம் செய்கிறது: செடியின் எந்தப் பாகம் மருந்து என்பதைப் பெயரிலேயே சொல்லிவிடுகிறது. அஸ்வகந்தா என்ற பெயரில் அந்த விவரம் கிடையாது. இலையைச் சேர்த்துத் தயாரிக்க வேண்டாம் என்று 2021இல் இந்திய மருத்துவ முறைகளைக் கவனிக்கும் ஆயுஷ் அமைச்சகம் தயாரிப்பாளர்களுக்கு எழுத வேண்டி வந்தது. ராசப்ப செட்டித் தெருவில் அமுக்கரா கேட்டால் வேரைத்தான் நிறுத்துப் பொட்டலம் கட்டுவார்கள். புட்டியில் அஸ்வகந்தா என்று போட்டிருந்தால், திருப்பி, வேரா இலையா என்று பொடி எழுத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.