ராஜராஜன் என்பது பட்டப்பெயரா?

தம்பி மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் வரலாற்று நோட்டை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பெரியப்பா, ராஜராஜனுக்கு இந்தப் பட்டப்பெயரை யார் வெச்சாங்க? கூடப் படிச்சவங்களா?" நோட்டில் இப்படி இருந்தது: 'ராஜராஜன் என்பது பட்டப்பெயர். உண்மையான பெயர் அருள்மொழிவர்மன்.'

அவள் கேட்டதில் தப்பே இல்லை. அவள் வகுப்பில் பட்டப்பெயர் என்றால் உயரமான பையனைப் பனைமரம் என்று கூப்பிடுவது. நம் எல்லோருக்குமே இன்று அந்தச் சொல்லின் முதல் பொருள் அதுதான். தப்பு அவளுக்கு எழுதிக் கொடுத்தவர்களிடம் இருக்கிறது. இதே வாக்கியத்தை யூடியூப் வரலாற்றுக் காணொளிகளில் கேட்டிருக்கிறேன், கோயில் வாசல் பலகைகளில் பார்த்திருக்கிறேன், மொழிபெயர்த்த நூல்களில் படித்திருக்கிறேன். இனியும் பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

சொல்லின் வேர் சுருக்கமாக. வடமொழியில் 'பட்ட' என்றால் துணி, பட்டை, தகடு. முடிசூட்டும்போது அரசனின் நெற்றியில் கட்டும் பொன்தகடுதான் பட்டம். யானையின் நெற்றிப்பட்டம், பட்டத்து அரசி, பட்டம் கட்டுதல் எல்லாம் அதிலிருந்து வந்தவை. பிறகு அது கௌரவப் பெயருக்கு ஆகி, பல்கலைக்கழகப் படிப்புக்கு ஆகி, பள்ளிக்கூடக் கிண்டலுக்கும் ஆகிவிட்டது.

"நெற்றியில் பட்டம் கட்டியபோது வந்த பெயர், அதனால் பட்டப்பெயர், இதில் என்ன பிழை?" என்று கேட்கிறவர்கள் உண்டு. வேரை மட்டும் பார்த்தால் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் சொல் வேரிலேயே நின்றுவிடுவதில்லை. பட்டப்பெயர் என்றால் கொடுக்கிறவர் ஒருவர், வாங்குகிறவர் ஒருவர் என்ற உறவு அதற்குள் உட்கார்ந்துவிட்டது. ஏனாதி, காவிதி என்று பழைய வேந்தர்கள் தங்கள் ஆட்களுக்குக் கொடுத்தார்கள். சோழர் காலத்தில் மூவேந்தவேளான், பிரமராயன் என்று அதிகாரிகளுக்குக் கொடுத்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையை எடுப்பித்த சேனாபதி கிருஷ்ணன் ராமன், மும்முடிச்சோழ பிரமராயன் எனப்பட்டார். கிருஷ்ணன் ராமன் வீட்டுப் பெயர். மும்முடிச்சோழ பிரமராயன் அரசர் தந்தது, அதில் அரசரின் பெயரே முன்னால் நிற்கிறது. பட்டப்பெயர் என்றால் இதுதான், சந்தேகமே இல்லை. இவருக்கும் பட்டப்பெயர், பெயரைத் தந்த அரசருக்கும் பட்டப்பெயர் என்று ஒரே சொல்லைப் போட்டால் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்பதே அழிந்துபோகிறது.

நம் முன்னோர் இதில் கவனமாக இருந்தார்கள். சிறப்பினால் வந்த பெயரோடு இயற்பெயரைச் சேர்த்துச் சொல்லும்போது இயற்பெயரை முன்னால் வைக்கக் கூடாது என்று தொல்காப்பியம் ஒரு விதியே வைத்திருக்கிறது. 'ஏனாதி நல்லுதடன்' என்பது உரையாசிரியர் காட்டும் உதாரணம். பின்னால் வந்த கல்வெட்டு நடை 'ஆன' என்ற சின்னச் சொல்லை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் பெயரை நிறுத்தியது, வரிசையும் சில இடங்களில் மாறியது. ஆனாலும் எது எந்த வகைப் பெயர் என்பதில் குழப்பம் இல்லை.

அடுத்து அந்த 'உண்மையான பெயர்'. இதுதான் எனக்கு அதிகமாக உறுத்துகிறது. அருள்மொழி உண்மையென்றால் ராஜராஜன் பொய்யா? 985இலிருந்து 1014 வரை ஆண்ட மனிதர், தான் எடுத்த கோயிலுக்கே ராஜராஜேஸ்வரம் என்று பெயர் வைத்தவர், ஏதோ மாறுவேடத்தில் திரிந்ததுபோல அல்லவா ஆகிறது! 'இயற்பெயர்' என்று அழகான சொல் இருக்கிறது. எழுத்தாளர்களுக்குக்கூட அதைத்தான் சொல்கிறோம். சோழனுக்கு மட்டும் அதை ஏன் மறக்க வேண்டும்?

இப்போது புதிதாக 'அரியணைப் பெயர்' என்று ஒன்று புறப்பட்டிருக்கிறது. 'throne name' என்ற ஆங்கிலச் சொல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்படியே உருக்கி வார்த்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே ஒருவரை அரசராக்கியது ஆசனமா? தலையில் ஊற்றிய நீர், நெற்றியில் கட்டிய பட்டம், சூட்டிய முடி. முடிசூடினான், முடிவேந்தன், முடியாட்சி என்றுதானே நம் மொழி பேசுகிறது. தூய தமிழ் என்று சொல்லி இதை ஆதரிக்கிறவர்களோடு எனக்குப் பகை இல்லை, நானும் முடிந்தவரை தமிழ்ச்சொல்லையே தேடுகிறவன். ஆனால் சொல் தமிழாக இருந்து நினைப்பு இரவலாக இருந்தால் அது என்ன தூய்மை? 'அபிஷேகப் பெயர்' என்று பழைய ஆய்வாளர்கள் எழுதினார்கள். வடசொல்தான், ஆனால் நடந்த சடங்கைச் சொல்கிறது. அதையே தமிழில் 'முடிசூட்டுப் பெயர்' என்றால் பிசகில்லை.

இதற்குப் பொருத்தமான ஆள் காஞ்சியில் இருக்கிறார். பல்லவர் நேர்வழி வாரிசில்லாமல் நின்றபோது, கிளைவழியில் வந்த ஹிரண்யவர்மனின் மகனைப் பன்னிரண்டு வயதில் அழைத்து வந்து அரசனாக்கினார்கள். எட்டாம் நூற்றாண்டுக் கதை. பையனின் பெயர் பரமேஸ்வரன். முடிசூடியது நந்திவர்மன் என்ற பெயரில். வைகுண்டப் பெருமாள் கோயில் சுற்றுச்சுவரில் இந்தக் கதை சிற்பமாகவும் அதன் கீழே எழுத்தாகவும் இருக்கிறது. பரமேஸ்வரன் இயற்பெயர், நந்திவர்மன் முடிசூட்டுப் பெயர். பல்லவமல்லன் என்றும் அழைத்தார்களே, அது மூன்றாவது வகை. அந்த வகையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எல்லோரும் முடிசூட்டிய அன்றே பெயரை மாற்றிக்கொள்ளவில்லை என்பதும் உண்மை. 1070இல் அரசரான முதலாம் குலோத்துங்கன், முதல் சில ஆண்டுக் கல்வெட்டுகளில் ராஜேந்திரன்தான். குலோத்துங்கன் என்ற பெயர் பிறகே வருகிறது. இப்படிப்பட்ட இடங்களுக்கு 'ஆட்சிப் பெயர்' என்பது பொருந்தும். சடங்கு தெரிந்தால் முடிசூட்டுப் பெயர், இல்லையென்றால் ஆட்சிப் பெயர். ராஜராஜனுக்கும் ஆட்சிப் பெயர் என்றே எழுதலாம்.

சரி, சோழர் கல்வெட்டுகளில் வரும் ராஜகேசரி, பரகேசரி? காவிரிக் கரைக் கோயில் ஒன்றின் பலகையில் 'பரகேசரி என்ற சோழ மன்னன் கட்டியது' என்று எழுதியிருந்ததைப் பார்த்து நின்றுவிட்டேன். சுவரில் இருப்பது 'கோப்பரகேசரி பன்மற்கு யாண்டு' என்ற தொடக்கம். வர்மன்தான் அங்கே பன்மன். எந்தப் பரகேசரி? விஜயாலயன் பரகேசரி. முதலாம் பராந்தகன் பரகேசரி. உத்தமசோழன் பரகேசரி, ராஜராஜனின் மகன் முதலாம் ராஜேந்திரன் பரகேசரி. ஒருவர் ராஜகேசரி என்றால் அடுத்தவர் பரகேசரி என்று மாற்றி மாற்றிச் சூடிக்கொண்ட பெயர் அது. கல்வெட்டு படிப்பவர்கள் எழுத்தின் வடிவத்தையும், உடன் வரும் ஆட்பெயர்களையும், 'மதுரை கொண்ட' என்பது போன்ற அடைமொழிகளையும் வைத்துத் தலையைப் பிய்த்துக்கொண்டு ஆளைக் கண்டுபிடிக்கிறார்கள். பலகை எழுதியவர் ஒரே வரியில் பரகேசரி என்று ஒரு தனி மனிதரை உண்டாக்கிவிட்டார். இந்த வகையை 'வரிசைப் பெயர்' என்று சொல்லலாம் என்பது என் எண்ணம். அடுத்தடுத்து வருவதும் வரிசை, மரியாதையும் வரிசை. 'முறைப்பெயர்' என்று சிலர் எழுதுகிறார்கள். வேண்டாம், இலக்கணத்தில் முறைப்பெயர் என்றால் தாய், தந்தை போன்ற உறவுப்பெயர்.

பாண்டியரிடமும் இப்படித்தான், மாறவர்மன், சடையவர்மன். 1251இல் பட்டத்துக்கு வந்த சடையவர்மன் சுந்தரபாண்டியன் என்றதும், அப்பா பெயரை முன்னால் போட்டுப் பழகிய நமக்குச் சடையவர்மனின் மகன் சுந்தரபாண்டியன் என்று தோன்றிவிடுகிறது.

பல்லவமல்லனைச் சொல்லும்போது மூன்றாவது வகை என்றேனே, அதுதான் விருதுப்பெயர். விருது இன்று பரிசாகிவிட்டது, அதனால் இந்தச் சொல்லிலும் கொஞ்சம் இடறல் உண்டு. ஆனாலும் அரசன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் புகழ்ப்பெயருக்கு இதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை. விழுப்புரம் பக்கம் மண்டகப்பட்டுக் குடைவரைக்குப் போனால் கல்லில் நான்கு இல்லைகளைப் பார்க்கலாம். செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பு இல்லை. அப்படி பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் கோயில் எடுத்தவன் பெயர் விசித்திரசித்தன். மகேந்திரன் என்ற பெயர் அதில் கிடையாது! வேறு குடைவரைகளில் பல்லவ அரசர் மகேந்திரவர்மன் பெயரோடு சேர்ந்து வரும் விருதுகளை வைத்துத்தான் இது அவர் என்று சொல்கிறோம். திருவதிகையில் பல்லவன் எடுத்ததாகப் பெரியபுராணம் சொல்லும் குணபரவீச்சரம் மகேந்திரனுடையது என்பதும் 'குணபரன்' என்ற விருதை வைத்துத்தான். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் இன்னொரு பல்லவ அரசர் ராஜசிம்மனுக்கு 200க்கும் மேற்பட்ட விருதுகள் வெட்டப்பட்டிருக்கின்றன.

வகை பிரிப்பது வெறும் சொல் சண்டை இல்லை என்பதற்கு மாமல்லபுரமே சாட்சி. அங்கே அத்யந்தகாமன் என்ற பெயர் தர்மராஜ ரதத்தில் வருகிறது. அது ஒரே அரசனின் பெயரா, பல அரசர்கள் சூடிய விருதா? இந்தக் கேள்விக்குச் சொல்லும் பதிலைப் பொறுத்துத்தான் அந்த ரதத்தை எடுத்தவர் யார் என்பதே மாறும். அந்த விருது கைலாசநாதர் கோயிலிலும் இருப்பதைக் காட்டி, மாமல்லபுரம் முழுவதுமே ராஜசிம்மன் படைப்பு என்று 1962இல் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி வாதிட்டார். இல்லை, தலைமுறை தலைமுறையாக வளர்ந்தது என்று மற்றவர்கள் மறுத்தார்கள். இதையெல்லாம் மொழிபெயர்க்க உட்காருகிறவர் மூன்று வேறு ஆங்கிலச் சொற்களுக்கும் 'பட்டப்பெயர்' என்றே போட்டுக்கொண்டு போனால், படிக்கிறவருக்கு அங்கே ஒரு வாதம் நடந்ததே தெரியாது. அகராதியில் முதலில் கிடைத்த சொல்லோடு நிறுத்திக்கொள்ளும் பழக்கம் வரலாற்று நூல்களைப் பாழாக்குகிறது.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும், இந்த வேலிகளைப் பெயர்களே தாண்டும். மதுராந்தகன் என்றால் மதுரைக்கு எமன். மதுரையைப் பிடித்தவர் முதலாம் பராந்தகன். அவருடைய பேரன் உத்தமசோழனுக்கு அதுவே இயற்பெயர். ராஜேந்திரனுக்கும் இயற்பெயர் மதுராந்தகன்தான். போர்க்களத்துப் பெருமை தொட்டிலுக்கு வந்துவிட்டது. அதனால்தான் ஒவ்வொரு அரசருக்கும் தனித்தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டு, 'இயற்பெயர் அருள்மொழிவர்மன், ஆட்சிப் பெயர் ராஜராஜன், வரிசைப் பெயர் ராஜகேசரி, விருதுப்பெயர்களில் ஒன்று சிவபாதசேகரன்' என்று எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்தாள். "கைடுல பட்டப்பெயர்னுதான் இருக்கு பெரியப்பா, இப்படி எழுதினா மார்க் போயிடும்" என்றாள். இரண்டையும் எழுதிவிட்டு வா, டீச்சர் கேட்டால் நான் வந்து பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.