ரெக்யூபரேட் என்றால் தேறுதல்

மதுரை பெரியாஸ்பத்திரி வார்டில், பார்க்க வந்தவர் கேட்கும் முதல் கேள்வி "இப்ப மேலுக்கு எப்படிண்ணே இருக்கு?" என்பதாகத்தான் இருக்கும். படுத்திருப்பவர் சொல்வார்: "காய்ச்சல் விட்டுருச்சுப்பா. உடம்புதான் இன்னும் தேறல." ஆங்கிலத்தில் ரெக்யூபரேட் என்பது இந்தத் தேறுதலைத்தான். நோய் போய்விட்டது, அது கொண்டுபோன தெம்பு இன்னும் வந்து சேரவில்லை. அந்த இடைக்காலத்துக்கு உரிய வினை இது.

சொல்லின் பிறப்பிடம் லத்தீன். 'ரெகுபெராரே' என்றால் இழந்ததைத் திரும்பப் பெறுதல். பறிபோன சொத்தை மீட்கும் வழக்குகளை விசாரித்த ரோமானிய நடுவர்களுக்கு 'ரெகுபெராடோரெஸ்' என்றே பெயர். இதே சொல் பழைய பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து வந்து ரெக்கவர் ஆயிற்று. 16ஆம் நூற்றாண்டில் லத்தீனிலிருந்தே நேராக எடுக்கப்பட்டு ரெக்யூபரேட் ஆயிற்று. இரண்டும் ஒருவயிற்றுப் பிள்ளைகள். ரெக்கூப் மட்டும் இந்தக் குடும்பம் இல்லை. வெட்டுதலைக் குறிக்கும் பிரெஞ்சு வேரில் பிறந்து, இன்று பணக்கணக்கில் புழங்குவது அது. ரெக்யூபரேட்டையும் நட்டத்தை ஈடுகட்டுவதற்குச் சொல்வதுண்டு, ஆனால் உடம்புக்கே அதிகம் வரும்.

தமிழில் இதற்குக் 'குணமடைதல்' என்று எழுதிவிடுகிறோம். மதுரைச் சுவரொட்டிகளில் "பூரண குணமடைய வேண்டுகிறோம்" என்று போடுவது வாழ்த்துக்குப் பொருத்தம்தான். ஆனால் குணமடைதல் முடிந்துபோன நிலை, ரெக்யூபரேட் நடந்துகொண்டிருப்பது. 2020இல் நாள்தோறும் 'குணமடைந்தோர்' எண்ணிக்கை வந்தது நினைவிருக்கும். அதில் சேர்ந்து வீடு திரும்பிய எத்தனையோ பேர் மாடிப்படி ஏறினால் மூச்சிரைத்து நின்றார்கள். அவர்கள் குணமடைந்தவர்கள், தேறாதவர்கள். சிக்குன்குனியா வந்து போனவர்களைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள்: காய்ச்சல் சில நாளில் விட்டுவிடும், மூட்டுவலி மாதக்கணக்கில் இருக்கும்.

இந்த வேறுபாட்டுக்குத் தமிழில் சொற்கள் தயாராகவே இருக்கின்றன. நோய் தீரும், புண் ஆறும், உடம்பு தேறும். ஞானசம்பந்தர் திருநீறு பூசப் பாண்டியனின் வெப்புநோய் தணிந்தது, கூனும் நிமிர்ந்தது என்பது மதுரையில் எல்லாரும் அறிந்த வரலாறு. அங்கே தீர்தல் மட்டும்தான், தேறுதலுக்கு வேலையே இல்லை. நம் போன்றவர்களுக்கோ தீர்ந்த பிறகுதான் கஞ்சியும் ரசஞ்சோறும் பத்தியமும் தொடங்குகின்றன.

'தேறு' என்பதன் அடிப்படைப் பொருள் தெளிதல். கலங்கல் நீர்க்குடத்தின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரைத்தால் மண் அடியில் படிந்து நீர் தெளியும். அந்தக் கொட்டைக்குப் பெயரே இந்த வினையிலிருந்து வந்ததுதான். கலித்தொகையின் நெய்தல் பாட்டொன்று, பிரிவால் நிலைகுலைந்த பெண் காதலனைச் சேர்ந்ததும் தேற்றாவின் விதையால் தெளிந்த கலங்கல் நீர்போலத் தெளிந்து நலம்பெற்றாள் என்கிறது. தேற்றுதலும் நலம்பெறுதலும் ஒரே தொடரில் வந்துவிட்டன. இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. லத்தீன்காரன் கைவிட்டுப் போனது திரும்பியதைப் பார்த்தான், தமிழன் கலங்கியது தெளிந்ததைப் பார்த்தான்.

எனவே 'மீட்சி', 'மீட்பு' இரண்டையும் கடனுக்கும் நிலத்துக்கும் விட்டுவிடலாம். ரீஹேபிலிடேஷனுக்கு மறுவாழ்வு என்ற சொல் நிலைத்துவிட்டது. அது பயிற்சி கொடுத்து மீண்டும் இயங்க வைப்பது, வேறு பொருள். கன்வலெசன்ஸ் என்பது தேறும் காலம். அறுவைச் சிகிச்சைக்குப் பின் விடுப்புக் கடிதம் எழுதுவோர் "உடல்நலம் தேறும்வரை விடுப்பு வேண்டுகிறேன்" என்று எழுதலாம். ஆளைப் பற்றிச் சொன்னால் "தேறி வருகிறார்". முழுவதும் பழைய நிலைக்கு வந்துவிட்டால் "தேறிவிட்டார்". மதுரைப் பேச்சில், "ஆளு நல்லாத் தேறிட்டாரு."