உங்கள் பிரவுசரில் திறந்தால் போதாது

"சார், பிக்புளூபட்டன் அட்ரஸ் என் பிரவுசர்ல நல்லா திறக்குது. அப்ப சர்வர்ல பிரச்சினை இல்ல. மூடுல்தான் கெட்டுப்போச்சு."

இதை எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன் என்பதற்குக் கணக்கே இல்லை. கல்வி நிறுவனங்களுக்கு மூடுலையும் (பாடங்களை வைத்திருக்கும் இணையதள மென்பொருள்) பிக்புளூபட்டனையும் (நேரலை வகுப்பு நடத்தும் மென்பொருள்) நிறுவிப் பராமரித்துக் கொடுப்பது என் வேலை. இரண்டுக்கும் நடுவே இணைப்பு போய்விட்டது என்று வருகிற அழைப்புகளில் பெரும்பாலானவை சின்ன விஷயங்கள்தான். சரியான இடத்தில் பார்த்தால் சீக்கிரம் முடிந்துவிடும். தப்பான இடத்தில் தேடுவதால்தான் நாள் முழுக்க இழுக்கிறது.

சமீபத்தில் ஒரு கல்லூரியில் நடந்ததைப் பார்த்துப் பொறுக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன். காலை வகுப்பில் யாராலும் சேர முடியவில்லை. 'இணைக்க முடியவில்லை, சர்வர் முகவரியைச் சரிபார்க்கவும், சர்வர் இயங்குகிறதா என்றும் பார்க்கவும்' என்ற வழக்கமான செய்தி வந்திருக்கிறது. அவர்களுடைய கணினிப் பிரிவினர் முகவரியைப் பிரவுசரில் போட்டுப் பார்த்தார்கள். திறந்தது. அப்படியானால் மூடுல்தான் குற்றவாளி என்று முடிவுகட்டி, மூடுலைப் பிக்புளூபட்டனோடு இணைக்கும் பிளக்இன்னை (துணை நிரலை) நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவினார்கள். மூடுலில் இப்படிப்பட்ட ஒரு பிளக்இன்னை நீக்கினால், டேட்டாபேஸில் அதற்குச் சொந்தமான அத்தனையும் சேர்ந்து போய்விடும். நீக்கும் முன் மூடுல் அதைச் சொல்லி எச்சரிக்கவும் செய்கிறது. யார் படிக்கிறார்கள்? எல்லாப் பாடங்களிலும் இருந்த நேரலை வகுப்புகள் மொத்தமாகக் காணாமல் போயின. ரெக்கார்டிங்குகள் பிக்புளூபட்டன் சர்வரில் பத்திரமாக இருந்தன, ஆனால் எது எந்தப் பாடத்துக்கு உரியது என்ற விவரம் மூடுல் பக்கத்தில் அழிந்துவிட்டது.

உண்மையான கோளாறு என்ன தெரியுமா? முந்தைய நாள் பிக்புளூபட்டன் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழைப் (சர்வர் தான் யார் என்று நிரூபிப்பது) புதுப்பித்தவர், அதை நம்பகமான ரூட் சான்றிதழோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழைச் சேர்க்காமல் விட்டிருந்தார். முழுச் சங்கிலியும் உள்ள கோப்பைக் காட்டி என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளை ரீலோட் செய்ததும் மூடுல் பேச ஆரம்பித்துவிட்டது. அழிந்த வகுப்புகளை பேக்கப்பிலிருந்து மீட்டு எடுப்பதற்குத்தான் நேரம் போனது.

சரி, பிரவுசர் ஏன் இதைக் கண்டுபிடிக்கவில்லை? ஏனென்றால் பிரவுசர்கள் ரொம்பத் தாராளமானவை. இடைநிலைச் சான்றிதழ் வரவில்லை என்றால் தாங்களே தேடி எடுத்துக்கொள்ளும், அல்லது ஏற்கெனவே கையில் வைத்திருப்பதைக் கொண்டு சமாளித்துவிடும். மற்ற சர்வர்களோடு பேச மூடுல் பயன்படுத்தும் கர்ல் என்ற கருவி அப்படியெல்லாம் இறங்கி வராது. சங்கிலி முழுமையாக இல்லையா, கதவைச் சாத்திவிடும். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தரும் சான்றிதழ்களுக்குப் பின்னால் இருந்த பழைய ரூட் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானபோதும் இதே கதைதான். பயனர்களின் பிரவுசர்கள் பெரும்பாலும் ஒன்றும் நடக்காதது போல ஓடின. சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஓபன்எஸ்எஸ்எல் நிரலின் பழைய 1.0.2 பதிப்பை வைத்திருந்த சர்வர்கள், பக்கத்து சர்வரோடு பேச முடியாமல் நின்றன. அன்றைக்கும் "என் பிரவுசர்ல திறக்குதே" என்றுதான் சொன்னார்கள்.

இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. இங்கே மூன்று பேர் இருக்கிறார்கள்: உங்கள் பிரவுசர், மூடுல் சர்வர், பிக்புளூபட்டன் சர்வர். நீங்கள் 'வகுப்பில் சேர்' என்று அழுத்தியதும், முதலில் மூடுல் சர்வர்தான் பிக்புளூபட்டனோடு நேரடியாகப் பேசுகிறது. "இந்தப் பெயரில் ஒரு வகுப்பு உருவாக்கு" என்று கேட்டு, சரி என்ற பதிலை வாங்கிக்கொள்கிறது. அந்தப் பேச்சில் உங்கள் லேப்டாப்புக்கு வேலையே இல்லை. அது முடிந்த பிறகுதான் உங்கள் பிரவுசரை அந்தப் பக்கம் அனுப்பிவைக்கிறது. நீங்கள் முகவரியை பிரவுசரில் போட்டுப் பார்ப்பது அந்த இரண்டாவது பாதையை. அறுந்திருப்பது முதல் பாதை. கடைக்காரருக்கு உங்கள் போனிலிருந்து கூப்பிட முடிகிறது என்பதால், உங்கள் தம்பியின் போனிலிருந்தும் அவருக்கு அழைப்பு போகும் என்று ஆகிவிடுமா?

இன்னொன்றும் இருக்கிறது. பிரவுசரில் 'திறந்தது' என்று சொல்கிறார்களே, எது திறந்தது? பல இடங்களில் அது கிரீன்லைட்டின் முகப்புப் பக்கம். அது பிக்புளூபட்டனுக்கு முன்னால் வைக்கும் வேறு ஒரு இணையச் செயலி. வகுப்பை உருவாக்கும் ஏபிஐ சேவை (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் வாசல்) செத்துக் கிடந்தாலும் கிரீன்லைட் பக்கம் அழகாகச் சிரித்துக்கொண்டு நிற்கும். பார்க்க வேண்டியது சர்வர் பெயருக்குப் பின்னால் பிக்புளூபட்டன், அதற்குப் பின்னால் ஏபிஐ என்று முடியும் முகவரியை. அங்கே 'சக்சஸ்' என்ற சொல்லும் ஏபிஐயின் பதிப்பு எண்ணும் அடங்கிய ஒரு சின்ன எக்ஸ்எம்எல் துண்டு வர வேண்டும். பார்க்க அசிங்கமாக இருக்கும், அதுதான் நல்ல செய்தி. 502 என்ற பிழை எண் வந்தால் என்ஜின்எக்ஸ் உயிரோடு இருக்கிறது, பின்னால் இருப்பது இல்லை என்று பொருள். (சர்வரை ரீஸ்டார்ட் செய்த கையோடு பார்த்துவிட்டுப் பதறாதீர்கள். அந்தச் சேவை எழுந்து உட்காரச் சற்று நேரம் எடுக்கும்.)

கிரீன்லைட் பக்கத்தின் முகவரியையே மூடுல் அமைப்புகளில் ஒட்டிவைத்திருப்பவர்களும் உண்டு. தயவுசெய்து முகவரியை நினைவிலிருந்து தட்டச்சு செய்யாதீர்கள். பிக்புளூபட்டன் சர்வரில் பிபிபி-கான்ஃப் கட்டளையை சீக்ரெட் என்ற தெரிவோடு ஓட்டினால், முகவரியும் ரகசியச் சாவியும் சேர்ந்தே வரும். இரண்டையும் அங்கிருந்து அப்படியே எடுத்து ஒட்டுங்கள்.

ஆகவே சோதனையை எங்கே செய்ய வேண்டும்? மூடுல் சர்வருக்குள் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் போகும் முறை) வழியாக நுழைந்து, அங்கிருந்து கர்ல் கட்டளையால் அந்த ஏபிஐ முகவரியைக் கேளுங்கள். அது தரும் பிழை எண் ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும். 6 என்றால் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை, பெயரை ஐபி முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ்ஸைப் பாருங்கள். 7 என்றால் இணைக்கவே முடியவில்லை, பெரும்பாலும் அந்தப் போர்ட்டில் (சர்வரின் எண்ணிட்ட வாசலில்) யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. 28 என்றால் காத்திருந்து காத்திருந்து நேரம் முடிந்துவிட்டது, அநேகமாக நடுவில் ஒரு ஃபயர்வால் பாக்கெட்டுகளை விழுங்கிக்கொண்டிருக்கிறது. 60 என்றால் மேலே சொன்ன சான்றிதழ்.

ஒருவேளை கர்ல் நன்றாகப் பதில் வாங்கிவிட்டது, மூடுல் மட்டும் இன்னும் முடியாது என்கிறது. இங்கேதான் அனுபவமுள்ளவர்களும் தடுமாறுகிறார்கள். நீங்கள் டெர்மினலில் ஓட்டியது உங்கள் கணக்கில். மூடுல் ஓடுவது வெப் சர்வரின் கணக்கில். சென்ட்ஓஎஸ், ரெட் ஹாட் வகை சர்வர்களில் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கு இயங்கினால், வெப் சர்வர் வெளியே இணைப்பு எடுப்பது இயல்பாகவே தடுக்கப்பட்டிருக்கும். அதை அனுமதிக்க ஒரு தனி பூலியன் (ஆன்/ஆஃப்) அமைப்பு இருக்கிறது, அதை நிரந்தரமாக இயக்கினால் போதும். எஸ்இலினக்ஸையே மொத்தமாக அணைத்துவிட்டு "சரியாயிடுச்சு" என்று சொல்பவர்களோடு நான் சண்டை போட்டு ஓய்ந்துவிட்டேன்.

அதுவும் இல்லையென்றால், தடுப்பது மூடுலேதான். அதன் நிர்வாகப் பகுதியில் பாதுகாப்பு என்பதற்குக் கீழே எச்டிடிபி பாதுகாப்பு என்று ஒரு பக்கம் இருக்கிறது. அங்கே கர்ல் போகக் கூடாத முகவரிகளின் பட்டியலும், போகலாம் என்ற போர்ட்டுகளின் பட்டியலும் உண்டு. முதல் பட்டியலில் 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்கும் உள்வலை முகவரிகள் இயல்பாகவே இருக்கும். இரண்டாவதில் 80, 443 மட்டும். உங்கள் பிக்புளூபட்டன் அதே வளாகத்துக்குள் உள்வலை ஐபியில் இருக்கிறதா? மூடுல் அங்கே போக மறுக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரி, டெர்மினலில் பார்த்தால் எல்லாம் சரி, மூடுலில் மட்டும் பிழை. நேற்றுவரை ஓடியது இன்று ஓடவில்லை, யாரும் எதையும் தொடவில்லை என்று சத்தியம் செய்வார்கள். விசாரித்தால், வலைப்பின்னல் பார்ப்பவர் உள் டிஎன்எஸ்ஸில் அந்தப் பெயருக்கு உள்வலை ஐபியைக் கொடுத்திருப்பார், வேகமாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில்!

அதற்காகப் பட்டியலையே காலி செய்துவிடாதீர்கள். அது சும்மா வைத்ததல்ல. மூடுலில் ஒரு முகவரியைக் கொடுத்து, அதன் வழியாக உங்கள் உள்வலையைத் துழாவ நினைப்பவர்களைத் தடுக்கத்தான் இருக்கிறது. பிக்புளூபட்டன் ஐபி எந்த வரியில் அடங்குகிறதோ, அந்த ஒரு வரியை மட்டும் குறுக்கி எழுதுங்கள். முடிந்தால் பொது ஐபிக்கே போகவிடுங்கள். அப்படி விடும்போது, உள்ளிருந்து கிளம்பி உங்கள் சொந்தப் பொது ஐபிக்குத் திரும்பி வரும் பாதையை ரூட்டர் அனுமதிக்கிறதா என்றும் பாருங்கள். பல ரூட்டர்கள் விடாது. மூடுலில் பிராக்ஸி (இடைத்தரகு சர்வர்) அமைத்திருந்தால் அந்த வழியையும் ஒருமுறை சந்தேகியுங்கள்.

செக்சம் பிழை என்று தனியாக வந்தால் எனக்கு உண்மையில் சந்தோஷம். வலைப்பின்னல் நன்றாக இருக்கிறது, சர்வர் உயிரோடு இருக்கிறது, கேள்வி போய்ச் சேர்ந்திருக்கிறது, ரகசியச் சாவியைக் கொண்டு கணக்கிட்ட கையெழுத்து (அதுதான் செக்சம்) மட்டும் பொருந்தவில்லை. பெரும்பாலும் சாவியை ஒட்டும்போது கடைசியில் ஒட்டிக்கொண்ட ஒரு வெற்றிடம்தான் காரணம். அல்லது பிக்புளூபட்டனைப் புதிதாக நிறுவி, பழைய சாவியையே மூடுலில் விட்டிருப்பார்கள். பல சர்வர்களுக்கு வகுப்புகளைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்கேல்லைட் போன்ற சுமை பகிர்வி முன்னால் இருந்தால் அதன் சாவிதான் வேண்டும், பின்னால் இருக்கும் சர்வர் எதனுடையதும் அல்ல. அப்புறம் ஹாஷ் முறை, அதாவது அந்தக் கையெழுத்தைக் கணக்கிடும் முறை: பிக்புளூபட்டன் நிர்வாகி பாதுகாப்புக்காக ஷா-1ஐ நிறுத்தியிருந்து, மூடுல் இன்னும் ஷா-1இலேயே அனுப்பிக்கொண்டிருந்தால் சாவி சரியாக இருந்தும் இதே பிழை வரும். மூடுலின் புதிய பதிப்புகளில் ஷா-256ஐத் தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது. இந்தப் பிழைக்கு சர்வர் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள், செக்சம் கணக்கில் நேரம் வருவதே இல்லை.

வகுப்புக்குள் போய்விட்டார்கள், ஆனால் மைக் இணையவில்லை, 1007 என்று வருகிறது. தயவுசெய்து மூடுலை விட்டுவிடுங்கள், அதன் வேலை எப்போதோ முடிந்துவிட்டது. இது பிரவுசருக்கும் பிக்புளூபட்டனுக்கும் நடுவே யூடிபி (ஒலியும் காட்சியும் போகும் வழி) போகாத கதை. சர்வர் பக்கம் 16384 முதல் 32768 வரை யூடிபி திறந்திருக்க வேண்டும். நிறைய பேர் 80, 443 இரண்டையும் திறந்துவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடுகிறார்கள். அலுவலக வலைகளுக்குள்ளிருந்து வருபவர்களுக்காக 443இல் பதில் சொல்லி ஒலியை இடையில் கடத்தித்தரும் டர்ன் சர்வர் ஒன்றும் வைத்துவிடுங்கள். ஒரே ஒருவருக்கு மட்டும் 1007 என்றால் அவருடைய வலை, எல்லோருக்கும் என்றால் உங்கள் சர்வர்.

மூடுல் 4.0 முதல் பிக்புளூபட்டன் அதனோடு சேர்ந்தே வருகிறது. அதற்கென்று கிடைக்கும் இலவச சர்வரை வைத்து ஒரு பருவம் முழுக்க வகுப்பு நடத்தப் பார்ப்பவர்களையும் பார்த்துவிட்டேன். அது முயன்று பார்ப்பதற்கு. ஒரு வகுப்பு 60 நிமிடம், 25 பேர், ரெக்கார்டிங் 7 நாள். இருபத்தாறாவது மாணவருக்கு இடம் கிடைக்காதது இணைப்புப் பிழை அல்ல.

இனி தினசரி விஷயம். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் 90 நாள்தான் தாங்கும். தானாகப் புதுப்பிக்கிறது என்று நம்பியிருக்கிறீர்கள், சரி. புதுப்பித்த பிறகு என்ஜின்எக்ஸ் ரீலோட் ஆகிறதா? ஆகவில்லை என்றால் புதிய சான்றிதழ் டிஸ்கில் தூங்கும், பழையது வாசலில் காலாவதியாகும். மூடுல் சர்வரிலிருந்தே அந்த ஏபிஐ முகவரியைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கேட்டு, 'சக்சஸ்' வராவிட்டால் உங்களுக்கு மின்னஞ்சல் போடும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வையுங்கள். பரீட்சை நாள் காலையில் ஆசிரியர் கூப்பிட்டுச் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டாம். பிளக்இன்னை நீக்குவது கடைசி வழிகூட அல்ல, அது வழியே அல்ல.

உதவி கேட்கும்போது பிழையின் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் அனுப்பாதீர்கள். மூடுல் சர்வரிலிருந்து கர்ல் என்ன சொன்னது என்பதையும், கடைசியாக யார் எதை மாற்றினார்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள். ஆனால் அமைப்புப் பக்கத்தை அப்படியே படம் பிடித்து, ரகசியச் சாவி தெரியும்படி வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அந்தச் சாவி கையில் இருந்தால் போதும், மூடுலில் கணக்கே இல்லாத ஒருவர் உங்கள் வகுப்பில் ஆசிரியராக நுழையலாம், நடக்கும் வகுப்பை முடிக்கலாம், ரெக்கார்டிங்குகளை அழிக்கலாம். ஏற்கெனவே போட்டிருந்தால், செய்தியை நீக்கிவிட்டேன் என்று திருப்திப்படாமல், வகுப்புகள் இல்லாத நேரத்தில் இன்றைக்கே சாவியை மாற்றுங்கள். மாற்றிய சாவியை மூடுலில் மட்டுமல்ல, கிரீன்லைட்டிலும் போட மறக்காதீர்கள்.